வேருக்குள் வரப்பு

கொள்ளிடத்தில் தண்ணீர் வந்துவிட்டால் திருச்சிக்காரர்களுக்கு அது ஒரு திருவிழா. பாலத்து ஓரம் வண்டியை நிறுத்திவிட்டுக் குடும்பம் குடும்பமாக நின்று வேடிக்கை பார்ப்பார்கள். கைக்குழந்தையைத் தூக்கி "ஆத்தப் பாரு, ஆத்தப் பாரு" என்று காட்டுவார்கள். போலீஸ்காரர் விசில் ஊதித் துரத்தினால் பத்தடி தள்ளிப்போய் நின்று செல்பி எடுப்பார்கள். சுண்டல் வண்டி, சோளக்கதிர் வண்டி எல்லாம் வந்துவிடும். அந்தத் தண்ணீர் அங்கேயிருந்து கிழக்கே போய் யாருடைய கொல்லைக்குள் நுழைகிறது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றாது. தோன்றினால்தான் என்ன செய்துவிட முடியும், அதையும் சொல்ல வேண்டும்.

அப்படி நுழைந்த கொல்லைகளில் ஒன்று அற்புதசாமியுடையது. உத்தமர்சீலிக்குக் கிழக்கே, இரண்டு ஆற்றுக்கும் நடுவில் நிலம் ஒடுங்கிக்கொண்டே போகிற இடத்தில் இரண்டு ஏக்கர். ஆயிரத்து அறுநூறு பூவன் வாழை. மாசியில் நட்டது, ஆடிக் கடைசியில் ஆளுயரம் தாண்டி இலை விரித்து நின்றது. அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் ஏறி, ஒன்பது நாள் இடுப்பளவுக்கு நின்றது. பத்தாம் நாள் காலையில் வடிந்தபோது வாழைகள் எல்லாம் நின்ற இடத்தில் நின்றன. இலையும் பச்சையாகத்தான் இருந்தது. அதுதான் கெடுதல். அன்றைக்கே சாய்ந்து தொலைத்திருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை.

அற்புதசாமி முழங்கால் சேற்றில் நின்று ஒரு வாழையின் தூரைக் கையால் தோண்டினான். அழுகின முட்டை நாற்றம் அடித்தது. வரப்பில் நின்ற பேட்ரிசியா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"வெட்டிடலாங்க" என்றாள்.

"என்னத்த வெட்டறது? எல பச்சையா இருக்கு, கண்ணு தெரியலயா ஒனக்கு?"

"கண்ணு தெரியுது. மூக்கும் இருக்கு."

பக்கத்து வயல்காரன் மூக்கன் வரப்பு மேலேயே நடந்து வந்தான். அவனுடையது நெல். வயலில் பாதியை ஆறு மணலால் மூடிவிட்டுப் போயிருந்தது. அதனால் அவன் விட்டிருந்த நாற்றங்காலில் பாதி நாற்றுக்கு இடமில்லாமல் போய்விட்டது.

"அண்ணே, ஒரு வார்த்த சொல்றேன் கேளுங்க. எங்கிட்ட நாத்து மிச்சம் கெடக்கு. மேட்டு நாத்தங்கா, ஒண்ணும் ஆகல. நீங்க வாழைய வெட்டித் தள்ளிட்டு உழுது போட்டீங்கன்னா, சம்பா நட்டுடலாம். ரெண்டு ஏக்கருக்கும் தாராளமா வரும்."

"எத்தன நாள் தாங்கும் நாத்து?"

"பதினஞ்சு நாளு. மிஞ்சுனா இருவது. அதுக்கு மேல முத்திரும். கிளிக்கூடு ஊர்க்காரரு ஒருத்தரு கேட்டுக்கிட்டே இருக்காரு, நீங்க வேணாம்னு சொன்னாத்தான் அவருக்கு."

"சொல்றேன்ப்பா" என்றான் அற்புதசாமி.

பேட்ரிசியாவுக்கு அந்தச் 'சொல்றேன்' பிடிக்கவில்லை. அவள் ஆத்திரத்திலும் நியாயம் இருந்தது. நாற்பது வருஷம் நெல் போட்ட மனுஷன், மூன்று வருஷத்துக்கு முன்னால்தான் வாழைக்கு மாறினான். முதல் வருஷம் காற்று சாய்த்தது. இரண்டாம் வருஷம் தார் தாராக வெட்டி காந்தி மார்க்கெட்டுக்கு ஏற்றினால் அங்கே மண்டியில் இறக்கக்கூட இடமில்லை. அப்போதே அவள் தம்பி மன்னார்புரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி வேலைக்குப் பேசி வைத்திருந்தான். அற்புதசாமிதான் அந்தோணியார் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து, இன்னும் ஒரே ஒரு வெள்ளாமை என்று கேட்டு வாங்கினான். இதுவும் போனால் நிலத்தை யாருக்காவது குத்தகைக்கு விட்டுவிட்டு நீலச்சட்டை போட்டுக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருந்தான். ஆக, அந்த வாழைத் தூரில் அவன் தோண்டிப் பார்த்தது வாழையை மட்டும் இல்லை.

அவர்களுக்கு ஒரே மகள், லின்சி. இருபத்தெட்டு வயது. திருச்சியில் தாவரவியல் படித்துவிட்டு, ஊருக்குத் தெற்கே ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் தற்காலிக வேலையில் இருந்தாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கையெழுத்துப் போட்டால் இன்னும் ஆறு மாதம் ஓடும். என்ன வேலை என்று யாராவது கேட்டால் பேட்ரிசியா "கவர்மெண்டு ஆபீசுல" என்பாள். உண்மையில் அவள் வேலை நெல்லின் வேரை வெட்டுவது. நான்கு வருஷமாக அதுதான். கேரட் துண்டை நடுவில் கீறி, அதற்குள் வேரைச் செருகி, சவர பிளேடால் வெங்காயத் தோலைவிட மெல்லிசாகக் குறுக்கே சீவ வேண்டும். சீவினதைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நீலச் சாயம் ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் படம் எடுக்க வேண்டும். லின்சி கை சுத்தம். அந்த நிலையத்தில் அவளைப் போல வெட்ட ஆளில்லை என்று அக்னஸ் மேடமே சொல்வார். மேடம்தான் அங்கே விஞ்ஞானி, லின்சிக்கு மேலதிகாரி.

மேடத்தின் ஆராய்ச்சி கேட்க எளிதாகத்தான் இருக்கும். நெல்வேர் தண்ணீருக்குள்ளேயே கிடந்தும் அழுகாமல் இருப்பதற்குக் காரணம், வேரின் நடுச்சதையில் காற்று ஓடுகிற அறைகள் இருப்பது. இலையிலிருந்து காற்று அதன் வழியாகக் கீழே இறங்கி வேர்நுனி வரைக்கும் போகும். நல்லது. ஆனால் மண்ணில் இருக்கிற உப்பும் சத்தும் வேரின் வெளித்தோலிலிருந்து நடுவில் இருக்கிற குழாய்க்கு வர வேண்டுமே, வழியெல்லாம் வெறும் ஓட்டையாக இருந்தால் எதன் வழியாக வரும்? அதைத்தான் அந்த அம்மாள் நான்கு வருஷமாக அளந்துகொண்டிருந்தார். ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவில் ஒற்றை வரிசை செல்கள் சுவர் மாதிரி மிச்சம் நிற்கும். அதன் வழியாகத்தான் சத்து போகிறது, அது உயிரோடு இருக்கிற வரைக்கும் தாராளமாகப் போகிறது என்பது அவர் கண்டது.

அன்று சாயங்காலம் லின்சி பஸ் இறங்கி வரும்போது அற்புதசாமி ரோட்டோரத்தில் நின்றுகொண்டிருந்தான். கையில் ஈரச்சாக்கில் சுற்றிய ஒரு பொட்டலம்.

"வீட்டுக்கு வந்து சொல்லக் கூடாதாப்பா?"

"ஒங்கம்மா இருப்பா. இந்தா, இதப் பாரு. வேரு. நாலு வேரு எடுத்துட்டு வந்திருக்கேன். நீ அங்க கண்ணாடியில வச்சுப் பாப்பியே, அந்த மாதிரி இதயும் பாத்துச் சொல்லு. உசுரு இருக்கா இல்லயான்னு."

"அப்பா, அங்க நம்ம இஷ்டத்துக்கு ஒண்ணும் பண்ண முடியாது. கேட்டாங்கன்னா வேலையே போயிடும். அதுவும் நான் பாக்கறது நெல்லு. வாழ வேற."

"வேருக்கு வேரு என்ன வேற? எல்லாம் மண்ணுலதான இருக்கு. வேளாண்ம ஆபீசரு வந்து வரப்புல நின்னு பாத்துட்டுப் போயிட்டாரு, செருப்புல சேறு படல. நீ பாத்துச் சொன்னா போதும் எனக்கு. வெட்டுன்னு சொல்லு, நாளைக்கே வெட்டறேன். விடுன்னு சொல்லு, விடறேன்."

இப்படிக் கேட்கிற அப்பனிடம் முடியாது என்று எந்தப் பெண் சொல்வாள்? லின்சி பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். "யாருகிட்டயும் சொல்லிடாதீங்கப்பா. அம்மாட்டகூட" என்றாள். அவன் தலையை ஆட்டினான்.

வேர்கள் நான்கும் சுண்டுவிரல் கனம். வரப்பை ஒட்டின மேட்டில் நின்ற வாழையிலிருந்து, அதிலும் வெளுப்பாக இருந்ததாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்திருந்தான் அற்புதசாமி. பள்ளத்து வாழையின் வேரைத் தொட்டால் தோல் உறை மாதிரிக் கழன்று, உள்ளே நார் மட்டும் கையோடு வந்தது. அதை அவன் மகளிடம் சொல்லவில்லை. ஏமாற்ற வேண்டும் என்று இல்லை. டாக்டரிடம் போகும்போது முகம் கழுவிக்கொண்டு போகிறோமே, அந்தப் புத்திதான்.

மேடம் அந்த வாரம் டெல்லிக்குப் போயிருந்தார். லின்சி மறுநாள் சாப்பாட்டு டப்பாவில் தயிர்சாதத்துக்குப் பதிலாக ஈரத்துணியில் வேரை வைத்துக் கொண்டு போனாள். மத்தியானம் எல்லோரும் கேண்டீனுக்குப் போன நேரத்தில் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். பிளேடைப் புதிதாகப் பிரித்தாள். முதல் சீவல் பிளேடிலேயே நொறுங்கிக் கூழாகிவிட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பாதி வந்து பாதி போனது.

அந்த நிலையத்தில் ஒரு பழக்கம் உண்டு. சீவல் நொறுங்கினால் அது வெட்டினவள் கைக்குற்றம். தூக்கிப் போட்டுவிட்டு வேறு வெட்ட வேண்டும். நொறுங்கினதை யாரும் பார்ப்பதில்லை, கணக்கிலும் எடுப்பதில்லை. முதல் வருஷம் லின்சி வெட்டினதில் பத்துக்கு ஒன்பது குப்பைக்குத்தான் போனது. அதில் அவமானப்பட்டுத்தான் அவள் தொழில் கற்றாள். அதனால் அன்றைக்கும் அவளுக்குத் தன் கைமேல்தான் கோபம் வந்தது. பதற்றத்தில் கை நடுங்குகிறது என்று நினைத்தாள். கையை ஜீன்ஸில் துடைத்துக்கொண்டு மறுபடியும் சீவினாள். எட்டு நொறுங்கின. இரண்டு முழுசாக வந்தன. எட்டையும் துடைத்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு இரண்டைத் தகட்டில் வைத்தாள்.

குனிந்து பார்த்தாள். நான்கு வருஷமாகப் பார்த்துப் பழகின அதே படம். நடுச்சதையில் பெரிய பெரிய ஓட்டைகள், ஓட்டைக்கு நடுவில் நீலமாக மெல்லிய சுவர்கள், அவை போய்ச் சேருகிற நடுக்குழாய். வாழைகூட நெல்லு மாதிரிக் காற்றறை விட்டிருக்கிறது, ஒன்பது நாள் தண்ணீருக்குத் தானே வழி பண்ணிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தாள். மைக்ராஸ்கோப்பின் கண்ணாடிமேல் செல்போனை வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டாள். பசியே தெரியவில்லை அன்றைக்கு.

சாயங்காலம் கொல்லைக்கே போனாள். அற்புதசாமி வடிகால் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தான். மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தான். அவள் போனில் படத்தைக் காட்டி, விரலால் பெரிதாக்கி, இது ஓட்டை, இது சுவர், இது நடுக்குழாய் என்று சொன்னாள்.

"ஓட்டையா இருக்கே பாப்பா. ஓட்டையா இருந்தா கெட்டுப் போனதுதான?"

"இல்லப்பா. அது காத்துக்காக. நெல்லுலயும் இப்படித்தான் இருக்கும். நடுவுல இந்தச் சுவர் இருக்கு பாருங்க, இது வழியாத்தான் நாம போடற உரமெல்லாம் உள்ள போகும்."

அற்புதசாமி போனைக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தான். அவன் முகம் மெல்ல மலர்ந்தது.

"அட, இது வயக்காடுதானே! சுத்தி தண்ணி நின்னாலும் வரப்பு இருந்தா நடந்து வந்துடலாம். அந்த மாதிரி, வேருக்குள்ள வரப்பு."

"ஆமாப்பா, அதேதான்."

"அப்ப வெட்ட வேணாங்கற."

லின்சி ஒரு நிமிஷம் சும்மா இருந்தாள். அந்த ஒரு நிமிஷத்தை அவள் பிற்பாடு எத்தனையோ தடவை திருப்பிப் பார்த்தாள். மேடம் வரட்டும், ஒரு வாரம் பொறுங்கள் என்று சொல்லியிருக்கலாம். பள்ளத்து வேரையும் கொண்டு வாருங்கள் என்று கேட்டிருக்கலாம். ஆனால் அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் சிரித்து மூன்று வருஷமாகியிருந்தது.

"வேணாம்ப்பா. உசுரு இருக்கு" என்றாள்.

அதற்கப்புறம் அவனைப் பிடிக்க முடியவில்லை. மறுநாளே மூக்கனிடம் போய் நாற்று வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

"அண்ணே, நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"யோசிச்சாச்சு. எனக்குத் தெரியும்ப்பா. நீ கிளிக்கூட்டுக்காரருக்குக் குடுத்துடு."

வீட்டில் பேட்ரிசியா இரண்டு நாள் அடுப்பை இடித்து இடித்துச் சமைத்தாள். "எவன் சொன்னான் உசுரு இருக்குன்னு? ஆபீசரு சொன்னாரா? அந்தோணியார் கனவுல வந்து சொன்னாரா?" என்று கேட்டாள்.

"நான் சொல்றேன். போதுமா?"

"நீங்க சொல்லித்தான மூணு வருசமா வாழ்ந்துகிட்டு இருக்கோம்."

லின்சி தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். அற்புதசாமி அவள் பேரை எடுக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ஆள்.

ஆவணி முழுக்க அவன் உழைத்த உழைப்பைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் சொல்கிறார்கள். மரத்துக்கு மரம் சேற்றை விலக்கி, வெயில்பட மண்ணைக் கிளறிவிட்டான். வாய்க்காலை இரண்டடி ஆழத்துக்கு இறக்கினான். மண் கொஞ்சம் பொடிபடத் தொடங்கினதும் யூரியாவும் பொட்டாஷும் கலந்து, கொட்டாங்கச்சியால் அளந்து ஒவ்வொரு தூரையும் சுற்றிப் போட்டு மண் அணைத்தான். குனிந்து நிமிர்ந்து குனிந்து நிமிர்ந்து ஆயிரத்து அறுநூறு தடவை. பத்து நாள் கழித்து இன்னொரு முறை. கூலிக்கு ஆள் வைக்கவில்லை. கோபத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் பேட்ரிசியாவும் கூடப் போனாள். மத்தியானம் வரப்பில் உட்கார்ந்து நீராகாரமும் சுட்ட கருவாடும் சாப்பிடும்போது அவன் அவளிடம் வரப்புக் கதையைச் சொல்லப் பார்ப்பான்.

"வேருக்குள்ள என்ன இருக்குன்னு ஒனக்குத் தெரியுமா பேட்ரிசியா?"

"தெரியாது. சோறு ஆறுது, தின்னுங்க."

மூன்றாம் வாரம் பாதி மரங்களில் புதுக்குருத்து சுருட்டிக்கொண்டு மேலே வந்தது. அற்புதசாமி அதைப் பார்த்துவிட்டுக் கொல்லையிலிருந்து லின்சிக்குப் போன் போட்டான். அவன் வேலைநேரத்தில் அவளுக்குப் போன் பண்ணினது அதுவரைக்கும் இல்லை. "குருத்து வந்திருச்சு பாப்பா. குருத்து வந்திருச்சு" என்றான். வேறு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. லின்சி ஆய்வுக்கூடத்து ஜன்னலுக்குத் திரும்பி நின்று அழுதாள்.

வாழைத் தண்டில் ஏற்கெனவே சேர்த்து வைத்த சத்து இருக்கும், வேர் போனாலும் அதை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று இலை தள்ளும் என்று அவளுக்கு அப்போது தெரியாது. நெல்லுக்கு அந்த வசதி கிடையாது.

அந்தக் குருத்துகள் விரிந்தபோது முழ நீளம்தான் இருந்தன. ஓரம் கருகியிருந்தது. பழைய இலைகள் அடியிலிருந்து மஞ்சளித்துத் தொங்கின. அற்புதசாமி பசி என்று நினைத்து மூன்றாம் முறையும் உரம் போட்டான். போட்ட உரம் கரைந்து போக இடமில்லாமல் தூரிலேயே வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. அவன் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி மண்ணைத் தள்ளி மூடினான்.

புரட்டாசி நடுவில் லின்சிக்குப் பொறுக்க முடியவில்லை. அக்னஸ் மேடம் டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் போனை நீட்டினாள்.

"மேடம், இது கொஞ்சம் பாக்கறீங்களா?"

மேடம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "இது நெல்லு இல்லையே."

"வாழை மேடம். தெரிஞ்சவங்க கொல்லை. தண்ணி நின்னது. காத்தறை விட்டிருக்குன்னு..."

"காத்தறையா? யாரு சொன்னா?" மேடம் படத்தைப் பெரிதாக்கினார். "ஓரத்தைப் பாரும்மா. காத்தறைன்னா ஓரம் சுத்தமா வழிச்ச மாதிரி இருக்கும். இது கிழிஞ்சு தொங்குது. அழுகல். சுவருன்னு நிக்கறதுக்குள்ள ஒண்ணுமே இல்ல, வெறும் தோலு. உப்பு அதுல ஊறிப் போகும், இல்லங்கல. ஆனா குழாய்க்குள்ள நுழையற எடத்துல உயிருள்ள செல்லு ஒண்ணு நின்னு வாங்கி உள்ள விடணும்ல? இங்க வாங்கறதுக்கு ஆளே இல்லையே. எத்தனை சீவுன?"

"பத்து மேடம்."

"எத்தனை நொறுங்குச்சு?"

"எட்டு."

"அந்த எட்டை என்ன பண்ண?"

"குப்பையில போட்டுட்டேன் மேடம்."

"அந்த எட்டுதாம்மா ரிசல்ட்டு" என்றார் மேடம். கடிந்து சொல்லவில்லை. பாடம் சொல்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னார். பிறகு டீயை உறிஞ்சிவிட்டு, "அவங்க உரம் கிரம் போட்டுடப் போறாங்க, வேணாம்னு சொல்லிடு. இருக்கற கிழங்கையும் உப்பு சுட்டுடும். வெட்டிட்டு நெல்லு நடச் சொல்லு. நாள் இருக்கான்னு தெரியல" என்றார்.

நாள் இல்லை. மூக்கன் கொடுத்த நாற்று கிளிக்கூட்டு வயலில் தூர் கட்டிப் பச்சைப் பசேல் என்று நின்றது. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் லின்சியின் ஜன்னலுக்கு நேரே தெரியும்.

அவள் அன்று அரை நாள் லீவு போட்டுவிட்டு நேரே கொல்லைக்குப் போனாள். சாரல் விழுந்துகொண்டிருந்தது. மேற்கே முந்தின நாள் காற்றில் இருபது முப்பது மரங்கள் சாய்ந்து கிடந்தன. அற்புதசாமி நடுக்கொல்லையில் நின்றான். அவளைப் பார்த்ததும் பக்கத்தில் நின்ற வாழைமேல் உள்ளங்கையை வைத்தான். தள்ளவில்லை, வைத்தான், அவ்வளவுதான். மரம் சத்தமில்லாமல் சாய்ந்து படுத்தது. தூரில் ஒரு வேர்கூட இல்லை. கிழங்கு கறுத்துக் குழைந்திருந்தது. அதைச் சுற்றி அவன் போட்ட உரம் அப்படியே இருந்தது.

"அப்பா, நான் தப்பாப் பாத்துட்டேன்" என்றாள் லின்சி. "அது வரப்பு இல்லப்பா. செத்துப் போனது. அன்னைக்கே செத்துத்தான் இருந்திருக்கு. எட்டு நொறுங்குச்சு, நான் கீழ போட்டுட்டேன். எங்கையிலதான் குத்தம்னு நெனச்சுட்டேன்."

அவளுக்கு அவன் திட்ட வேண்டும் என்று இருந்தது. ஒரு அறை விட்டால்கூட நன்றாயிருக்கும். அற்புதசாமி சாய்ந்த வாழையின் மேல் உட்கார்ந்தான். தலையில் போட்டிருந்த சாக்கை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"நனையாத. போட்டுக்க."

"அப்பா..."

"நாந்தான மேட்டு வேரா பாத்துக் கொண்டாந்தேன். பள்ளத்து வேரு அப்பவே கையோட வந்துச்சு. ஒங்கிட்ட சொல்லல."

"சொன்னாலும் நான்..."

"சரி விடு. யாருகிட்டயும் இதச் சொல்லிக்கிட்டு இருக்காத."

தன் வேலை போய்விடக்கூடாது என்று சொல்கிறான் என்று லின்சி நினைத்தாள். அப்போதைக்கு அவளுக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் பிற்பாடு அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

வெட்டித் தள்ள எட்டு நாள் ஆனது. மூக்கன் கூப்பிடாமலே அரிவாளோடு வந்து நின்றான். மாட்டுக்குப் போடத் தண்டு கேட்டு வந்தவர்கள்கூட நாற்றத்துக்குத் திரும்பிப் போனார்கள். கிழங்கு தோண்டின குழிகளில் ஐப்பசி மழை நின்றது. குத்தகைக்கு எடுக்கவும் யாரும் வரவில்லை. ஆறு எப்போது வேண்டுமானாலும் மறுபடி வரும் நிலம் அது என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு ஏக்கரும் அப்படியே கிடந்தது.

கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை. காலை எட்டு மணிக்கு மன்னார்புரத்தில் வேலை. பேட்ரிசியாவின் தம்பி கொண்டுவந்து கொடுத்த நீலச்சட்டை தோளில் தொளதொளவென்று தொங்கியது. ஆவணியிலிருந்து ஆள் அவ்வளவு இளைத்துவிட்டிருந்தான். பேட்ரிசியா தோசை சுட்டாள். இத்தனை நாளும் அடக்கி வைத்திருந்தவள், சட்டையைப் பார்த்ததும் உடைந்துபோனாள்.

"மூக்கன் வாய்விட்டுச் சொன்னான். வரப்புல நின்னு சொன்னான். அந்த நாத்த நட்டிருந்தா இன்னைக்குக் கதிரு வாங்கற பருவம். சோத்துக்காவது ஆயிருக்கும். ஒங்க நெலத்துல நீங்க நின்னிருப்பீங்க. எவன் வீட்டுக் காருக்கோ கேட்டத் தொறந்து சலாம் போட வேண்டியதில்ல. எதக் கண்டு உசுரு இருக்குன்னீங்க? சொல்லுங்க. இன்னைக்காவது சொல்லிட்டுப் போங்க."

லின்சி தட்டிலிருந்து கையை எடுத்தாள். "அம்மா" என்றாள். அவளுக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தது. அது நிஜம்.

அதற்குள் அற்புதசாமி பேசினான். செருப்பைப் போட்டுக்கொண்டே, யாரையும் பார்க்காமல் பேசினான்.

"ஒருத்தரும் சொல்லாம இல்ல. இந்தா, லின்சி அப்பவே சொல்லுச்சு. வேரு செத்துப் போச்சுப்பா, வெட்டிட்டு நெல்லு நடுங்கன்னு தலப்பாடா அடிச்சுக்கிச்சு. படிச்ச புள்ள. நாந்தான் கேக்கல. போதுமா?"

"அப்பா..."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. போயிட்டு வரேன்."

டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டான். தெருமுனையில் மூக்கன் எதிரே வந்தான். அவனிடமும் நின்று அதையேதான் சொன்னான் போலிருக்கிறது. மூக்கன் திரும்பி வீட்டைப் பார்த்தது வாசல் வழியாகத் தெரிந்தது.

பேட்ரிசியா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து மகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு எடுத்துவிட்டு லின்சியின் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதாடி? ரெண்டு பேருமா சேந்து அந்த மனுசன் கால்ல விழுந்தாவது மாத்தியிருக்கலாம்ல" என்றாள். "போகட்டும். இந்த வீட்டுல நீ ஒருத்தியாச்சும் சரியாச் சொன்னியே."

"ம்" என்றாள் லின்சி.